ஒரு சொட்டுத் தேன்

புளியமரத்து வேருக்கடியில் செவ்வெறும்புகளின் கோட்டை ஒன்று இருந்தது. வாசலில் மூன்று காவல்காரிகள். அவர்களில் செவந்திக்கு ஒரு மீசைதான். இன்னொன்றைச் சிலந்தியோடு போட்ட சண்டையில் பறிகொடுத்திருந்தாள். எறும்புக்கு மோப்பமே மீசையில்தானே! மற்ற இருவரும் அவளை ஓயாமல் கேலி செய்வார்கள்.

வாசனை சரியாகப் பிடிபடாததால், வருகிறவர்களை எல்லாம் செவந்தி கண்ணால் உற்று உற்றுப் பார்ப்பாள். எல்லார் மேலும் சந்தேகம்!

வாய்க்காலுக்கு அக்கரையிலும் செவ்வெறும்புகள்தான். ஆனால் பகை நாடு. அங்கே வஞ்சி என்று ஒரு கொலைகாரி இருந்தாள். இதுவரை மூன்று ராணிகளைத் தீர்த்துக்கட்டியவள்! சின்ன வயதிலிருந்தே யாரோடும் சேர்க்காமல், தனியறையில் வைத்து, அதற்கென்றே அவளை வளர்த்திருந்தார்கள். இந்த முறை அவள் குறி, புளியமரத்து ராணி.

வஞ்சி என்ன செய்தாள் தெரியுமா? செத்துக் கிடந்த புளியமரத்து எறும்பு ஒன்றின் மேல் இரண்டு நாள் புரண்டாள். அந்த வாசனையை உடம்பெல்லாம் அப்பிக்கொண்டாள். தேனெடுத்து வருகிறவள் போலத் தெரிய, வயிறு முட்டத் தேனைக் குடித்தாள். மழை விட்டதும், வாசனை கரையாமல் மரக்கிளை வழியாகவே புளியமரத்துக் கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தாள்.

“அட, நம்ம வீட்டு வாசனை! போ, போ!” என்றாள் காவல் தலைவி நாச்சி.

“நில்லுடி!” என்றாள் செவந்தி. “உன்னை நான் பார்த்ததே இல்லையே?”

“வேலியோரம் தேன் எடுக்கப் போனேன் அக்கா. மழையில மாட்டிக்கிட்டேன்.”

“மழையில மாட்டினவ காலில சேறே இல்லையே?”

“உனக்குத்தான் மோப்பமே செத்துப்போச்சே! சும்மா தொணதொணக்காதே!” என்று நாச்சி எரிந்து விழுந்தாள். “இனிமே யாரையாவது வழிமறிச்சா, உன்னைத்தான் கோட்டையை விட்டுத் துரத்துவேன்!”

செவந்திக்கு அழுகை அழுகையாக வந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. வஞ்சியின் பின்னாலேயே போனாள்.

மூன்று நாள் விடாத மழை அன்றுதான் ஓய்ந்திருந்தது. உள்ளே எல்லாருக்கும் பசி. எறும்புகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பசித்தவள் முகத்தைத் தட்டினால், வயிறு நிறைந்தவள் தன் வாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்து அவள் வாயில் கொடுப்பாள். அதற்கு யாரும் யோசிப்பதுகூடக் கிடையாது.

குஞ்சு வளர்க்கும் தாதி ஒருத்தி வஞ்சியின் முகத்தைத் தட்டினாள். வஞ்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னொருத்தி தட்டினாள்.

“அப்புறம், அப்புறம்! ராணியைப் பார்க்கணும்!”

செவந்திக்குச் சுருக்கென்றது. அப்புறமா? பசி என்று வந்தவளிடம் இந்தக் கோட்டையில் யாரும் அப்படிச் சொன்னதில்லையே!

ஓடிப்போய் ராணியின் அறைக்குக் குறுக்கே நின்றாள். “எனக்கும் பசிக்குதுடி. ஒரே ஒரு சொட்டு கொடு. கொடுத்துட்டு உள்ளே போ!”

வஞ்சிக்கு ஒன்றுமே புரியவில்லை. இந்தக் கோட்டைக்கு வரும்வரை அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. அவளும் யாருக்கும் கொடுத்ததில்லை.

“வழியை விடுடி, ஒத்தை மீசை!” என்று கொடுக்கை நீட்டிக்கொண்டு பாய்ந்தாள்.

“ஐயோ, கொலைகாரி! ஓடி வாங்க!” என்று அலறிவிட்டு, செவந்தி அவள் காலைக் கவ்விப் பிடித்தாள். பசியில் கிடந்த தாதிகள் அத்தனை பேரும் ஓடிவந்து வஞ்சியை அமுக்கினார்கள். ராணி பிழைத்தாள்.

நாச்சி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். “வாசனை நம்ம வாசனைதானேடி!”

“வாசனை நம்மளுதுதான் அக்கா. ஆனா மூணு பேர் பசின்னு கேட்டும் இவ ஒரு சொட்டு கொடுக்கலையே!” என்றாள் செவந்தி.

அவ்வளவு தேனை வயிற்றில் வைத்திருந்தும் வஞ்சி மாட்டிக்கொண்டாள். ஒரு சொட்டு கொடுத்திருந்தால் செவந்தியே வழிவிட்டிருப்பாள்.

நம்மவர் போல வேஷம் போட யாராலும் முடியும். பசித்தவரிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்த்தால்தான் ஒருவர் யாரென்று தெரியும்.