தளவாய் கேட்டு வாங்கிய தோப்பு

ரொம்பக் காலத்துக்கு முன்பு குளிர்மலை நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டார். நல்லவர்தான், ஆனால் காலையில் பிடித்தது அவருக்கு மாலையில் பிடிக்காது. அவருடைய தளவாய் திருமேனிக்கோ மந்திரி ஆதிமூலத்தை எந்த நேரத்திலும் பிடிக்காது. மந்திரி பேச்சுக்குச் சபையில் யாராவது சிரித்துவிட்டால் போதும், தளவாய்க்கு அன்று சோறு இறங்காது.

அந்த நாட்டுக் காட்டில் பூனையாறு என்று ஒரு சிற்றாறு. பூனைகூடத் தாண்டிவிடும், அவ்வளவுதான் அகலம். எல்லைக்கல்லைக் கடந்து பக்கத்து நாகநாட்டுக்குள் போய்விடும். ஒருநாள் நாகநாட்டு ராஜா ஆளுயர வாழைத்தார் ஒன்றை அன்போடு அனுப்பினார். பார்த்ததும் மாறவேளின் முகம் கறுத்தது.

“நம் தண்ணீரைக் குடித்து வளர்ந்த தார்! நம் தோட்டத்தில் இப்படிக் காய்த்ததுண்டா?”

“உத்தரவு கொடுங்கள் மகாராஜா, எல்லையிலேயே அணை போட்டுவிடுகிறேன். ஒரு சொட்டு அந்தப் பக்கம் போகாது,” என்றார் தளவாய்.

“சபாஷ்! என்ன பரிசு வேண்டும்?”

தளவாய் யோசிப்பதற்குள் மந்திரி எழுந்தார். “அருமையான யோசனை. பரிசு கொடுக்கும் வேளை என்பதால் நானும் ஒன்று கேட்கலாமா? தெற்கெல்லையில் குளிரோடைத் தோப்பு இருக்கிறதே, அது எனக்கு வேண்டும்.”

தளவாய்க்குத் திக்கென்றது. காரணமில்லாமல் இந்த மனிதர் ஒன்றைக் கேட்பாரா? “யோசனை என்னுடையது, தோப்பு இவருக்கா? அது எனக்குத்தான் வேண்டும், மகாராஜா!”

ராஜா அங்கேயே தாரை வார்த்துக் கொடுத்தார். மந்திரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்த தளவாய், அன்று வயிறு முட்டச் சாப்பிட்டார்.

அணை எழுந்தது. தளவாய் தோப்பில் வெற்றிலைக்கொடி வைத்தார். கொடி துளிர்ப்பதற்குள் குளிரோடை வற்றிவிட்டது. பதறிப்போய், காய்ந்த ஓடையோடே மேலே நடந்தார். அது எல்லை தாண்டி நாகநாட்டுக்குள் போனது. அங்கே காட்டைச் சுற்றி வளைந்து, கடைசியில் அவர் கட்டிய அணையடியிலேயே அவரைக் கொண்டுபோய் விட்டது! பூனையாறுதான் நாகநாட்டிலிருந்து திரும்பி வந்து, வேறு பெயரில் அவர் தோப்பில் ஓடிக்கொண்டிருந்தது.

சபைக்குப் போய், “மகாராஜா, அணையை இடிக்க வேண்டும்,” என்று காரணத்தோடு சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு நாக்கு வறண்டுவிட்டது.

ராஜா திரும்பினார். “மந்திரியாரே, இது உமக்கு முன்பே தெரியுமா?”

“தெரியும். அன்றே சொல்லியிருந்தால், எதிரிக்குப் பரிந்து பேசுகிறேன் என்று தளவாய் சொல்லியிருப்பார். இப்போது அவரே சொல்கிறார்.”

சபை குலுங்கியது. ராஜாவும் அசடு வழியச் சிரித்தார். “பொறாமையில் எனக்கும் பங்குண்டு. ஆனால் கடப்பாரை உமக்குத்தான் தளவாயே, அணையை உம் கையாலேயே இடியும். மந்திரியாரே, உமக்கு என்ன வேண்டுமோ கேளும், தருகிறேன்.”

“எது கொடுத்தாலும் சரி மகாராஜா. அந்தத் தோப்பு மட்டும் வேண்டாம்.”

மறுபடி ஒரே சிரிப்பு. கடப்பாரையோடு வெளியேறிய தளவாய்க்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ‘இதை வேண்டாம் என்கிறாரே, அப்படியானால் வேறு எந்தத் தோப்பின் மேல் கண் வைத்திருக்கிறார்?’ என்று அவருக்கு வயிறு எரியத் தொடங்கியது.