மீசையன் வைத்த பெரிய விருந்து

குளத்துக்கரை வரப்பில் சுருளி, மீசையன் என்று இரண்டு பெருச்சாளிகள் அடுத்தடுத்த வளைகளில் வாழ்ந்தன. அறுவடை முடிந்ததும் அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் பெரிய விருந்து வைக்கிறாரோ, அவருக்குத்தான் அந்த ஆண்டு முழுவதும் முதல் மரியாதை.

சுருளி பத்து நெற்கதிர் போட்டு விருந்து வைத்தது. மறுநாளே மீசையன் இருபது போட்டது. சுண்டெலிகளும் அணில்களும் வயிறு முட்டத் தின்றன.

"என்னப்பா சுருளி, உன் வீட்டில் கை நனைத்தவர்கள் எல்லாம் என் வீட்டுக்கு வந்துதான் பசியாறினார்கள்" என்றது மீசையன்.

அந்தப் பேச்சு சுருளிக்கு முள்ளாய்த் தைத்தது. வளைக்குள் ஓடி, மழைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த கதிர்களை இழுத்தது. அதன் மனைவி சாம்பி குறுக்கே படுத்துக்கொண்டது.

"வழி விடு. நான் முப்பது போடப் போகிறேன்."

"அவன் நாற்பது போடுவான். அப்புறம்?"

"ஐம்பது போடுவேன்."

"அடைமழையில் நம் ஆறு குட்டிகளுக்கு எதைப் போடுவீர்கள்? முதல் மரியாதையையா?"

சுருளி கதிரை விட்டுவிட்டு மூலையில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மீசையனுக்கோ வென்றது போதவில்லை. தன் நெற்குவியலைக் கரையே வந்து பார்க்கட்டும் என்று வளையின் வாயை அகலமாகத் தோண்டியது. பார்க்க வந்த கூட்டம் சும்மா போகுமா? மிச்சம் இருந்ததையும் தின்றுவிட்டுப் போனது.

ஐப்பசி மழை கொட்டியது. அகன்ற வாய் வழியே வெள்ளம் புகுந்து மீசையனின் வளை மூழ்கியது. சுருளியோ தன் வளையின் சின்ன வாயை மண்ணால் அடைத்துவிட்டு, குட்டிகளோடு நெல் கொறித்துக்கொண்டிருந்தது.

வெளியே யாரோ மண்ணைப் பிறாண்டினார்கள்.

"அண்ணே, நான்தான் மீசையன். நான்கு நாளாகப் பட்டினி."

"வாங்க, பெரிய விருந்துக்காரரே" என்றது சுருளி, மண்ணை விலக்கியபடி. "நீ பேசிய பேச்சைச் சாகும்வரை மறக்க மாட்டேன். இப்போது உள்ளே வந்து சாப்பிடு."

மீசையன் இரு கையாலும் நெல்லை அள்ளித் தின்றது. அதைப் பார்த்த சுருளி தன் கதிர்க்குவியலைத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு அந்த முப்பது கதிரையும் போட்டிருந்தால், இப்படிப் பிறர் வாசலில் நின்றிருப்பது தானும் தன் குட்டிகளும்தான். அது சாம்பியின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தது.

"அன்றைக்கு நீ மட்டும் தடுக்காமல் இருந்திருந்தால்..." என்றது. தன் பங்கு நெல்லை எடுத்துச் சாம்பியின் முன்னால் வைத்தது.

அடுத்தவனை மிஞ்சுவதற்காகச் செலவு செய்பவன் தன் பிள்ளைகளின் சோற்றில் கை வைக்கிறான். அந்தக் கையைப் பிடித்துத் தடுப்பவருக்கு அவன் ஆயுள் முழுவதும் நன்றி சொல்ல வேண்டும்.