ஒரே கட்டளை, இரண்டு நடத்தை

கணினி நிறுவனமொன்றின் மேலாளர் சபாநாயகம், புதிதாகச் சேர்ந்த பொற்கொடியை அழைத்தார். “நம்ம கருவி என் கணினியில் அசல் தரவை எடுக்கணும், உன் கணினியில் ஒத்திகைத் தரவை எடுக்கணும். நிரலில் ஓர் எழுத்து மாறக்கூடாது, கட்டளையும் ஒன்றேதான். சாயங்காலத்துக்குள் முடியாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்.”

அக்கருவி தரவின் முகவரியை, நிரலுக்கு வெளியே ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே குறித்துவைக்கும் ‘சூழல் மாறி’யிலிருந்தே படிக்கும். ஆகவே பொற்கொடி, இரு கணினிகளிலும் அம்மாறிக்கு வெவ்வேறு முகவரியை அளித்தாள். சொன்னபடியே நடந்தது.

“ஒரே கட்டளை எப்படி ரெண்டு விதமா நடக்கும்? என்னையே ஏமாத்துறியா?” என்று அதட்டினார் மேலாளர்.

அவ்வேளையில் முதலாளி உள்ளே நுழைந்தார். மேலாளர் துள்ளியெழுந்து, “வாங்கய்யா, காபி சொல்லட்டுங்களா?” என்று குழைந்தார்.

“இப்படித்தான் சார்,” என்றாள் பொற்கொடி. “வாய் அதேதான், சூழல்தான் மாறியிருக்கு.”

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். மேலாளர் மூன்று காபி சொன்னார்.