வாசலில் நடந்த கபடி

கல்லூரிக் கபடி அணியின் தலைவி வேம்பரசி, ஆட்டத்தில் முழங்கால் முறிந்த தோழிக்கு வைத்தியச் செலவு கேட்டாள்.

“விளையாட்டு அன்புக்காக ஆடுவது. அதிலே காசு பேசுறது அசிங்கம்மா!” என்று மீசையை முறுக்கினார் தாளாளர் ஆளவந்தார்.

இறுதிப் போட்டியன்று வேம்பரசி டிக்கெட் வாசலில் நின்று, “காசு பேசுறது அசிங்கமாம், ஐயாவே சொல்லிட்டாங்க. அன்பிருந்தா உள்ளே வாங்க!” என்று முழங்கினாள்.

ஊரே பாய்ந்தது. பட்டுச் சால்வை பறக்க ஓடிவந்த தாளாளர் கைகளை விரித்து மறித்தார். கிழவிகள்கூட அவருடைய அக்குளுக்கடியில் நழுவி உள்ளே போனார்கள்.

“டிக்கெட் வாங்காம ஓடுறாங்களே! பிடிங்கம்மா!”

“பிடிக்கிறதுதானே ஐயா எங்க வேலை! அன்புக்காகப் பிடிக்கட்டுமா, காசுக்காகப் பிடிக்கட்டுமா?”

“காசுக்கே, காசுக்கே, காசுக்கே!” என்று தாளாளர் மூச்சுவிடாமல் பாடினார். முழங்காலுக்கான பணம் கைக்கு வந்த பிறகுதான் அணி வாசலில் இறங்கியது.