நூறு கிலோமீட்டர் விரதம்

"அம்மா, பசியை அடக்க ஒரு வழி சொல்லுங்க" என்றார் ஆவுடையப்பன்.

பேராத்துச்செல்வியம்மா அண்டாவிலிருந்து சோற்றை அள்ளிக்கொண்டிருந்தார். பணகுடிக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவில் இருக்கும் அன்னதான மடம் அவருடையது. சுற்றுவட்டாரத்தில் அவரைக் குரு என்பார்கள். முதல் தடவை பார்ப்பவர்கள் நம்புவதில்லை. துறவிக்குப் பொருந்தாத பெரிய உடம்பு.

"எந்தச் சாமிக்கு விரதம்?"

"சாமிக்கு இல்லம்மா. நூறு கிலோமீட்டருக்கு."

அகப்பை பாதி வழியில் நின்றது.

"அது எந்த ஊர்ச் சாமி?"

ஆவுடையப்பன் சொன்னார். மின்சார சைக்கிள் கம்பெனியில் அவருக்கு ஓட்டிப் பார்க்கிற வேலை. புது மாடல் வந்தால் பேட்டரியை முழுக்கச் சார்ஜ் போட்டு, கம்பெனிக்குள் இருக்கும் வட்டப் பாதையில் அது நிற்கும்வரை சுற்ற வேண்டும். எத்தனையாவது கிலோமீட்டரில் நிற்கிறதோ, அந்த எண் அட்டைப்பெட்டியில் ஏறும். நாற்பத்தெட்டு வயதிலும் ஒட்டிய வயிறு. அந்த வயிற்றுக்காகத்தான் வேலையே கிடைத்தது.

"புது வண்டி தொண்ணூத்தெட்டுல நிக்குது. மேனேஜர் நூறு கேக்காரு. நாளைக்கு வண்டி விக்கிற கடைக்காரங்க எல்லாம் பாக்க வாராங்க."

"பேட்டரியப் பெருசாப் போடச் சொல்லு."

"அதுக்குச் செலவாகும். அதான் என்னை மூணு கிலோ குறையச் சொல்லிட்டாரு. அதுக்குச் செலவில்ல."

குரு அகப்பையை அண்டா விளிம்பில் சாய்த்தார்.

"அந்தத் தூரத்தை எதெல்லாம் குறைக்கும்?"

இது ஆவுடையப்பனுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

"ஆள் கனம். மேடு. எதிர்க்காத்து. டயர்ல காத்து கம்மியா இருந்தா. நின்னு நின்னு கிளம்புனா. வேகமாப் போனா. பேட்டரிக்கு வயசானா."

"எது கூட்டும்?"

ஆவுடையப்பன் யோசித்தார்.

"நான் குறைஞ்சா கூடும்."

பந்தியில் யாரோ சிரித்தார்கள்.

பிலோமினாள். கடற்கரையில் மீன் எடுத்துவந்து பணகுடிச் சந்தையில் விற்பவர். அவருடைய மின்சார சைக்கிள் மடத்துச் சுவரில் சாய்ந்து நின்றது. பின்னால் கட்டிய கூடையை ஈ மொய்த்தது. போன வருஷத்து மாடல். பெட்டியில் எண்பது என்று போட்டிருக்கும். அந்த எண்பதையும் ஓட்டியவர் ஆவுடையப்பன்தான்.

"எண்பது எனக்கெதுக்குண்ணே? கடற்கரைக்குப் போக இருபது, வர இருபது. போறப்போ காத்து முதுகுல தள்ளுது, சொகமாப் போயிருதேன். வாறப்போ கூடையும் கனம், காத்தும் மூஞ்சில. இன்னிக்கு வண்டி வழியிலேயே படுத்துட்டு. தள்ளிட்டு வாறதுக்குள்ள மீன் போச்சு."

"கனத்தோட, எதிர்க்காத்துல போனா அப்படித்தான்" என்றார் ஆவுடையப்பன். "கம்பெனிக் கணக்கு மேடில்லாத ரோட்டுக்கு. காத்து இருக்கக் கூடாது. மெதுவாப் போகணும். ஆள் ஒல்லியா இருக்கணும்."

"அப்படி ரோடு எங்கண்ணே இருக்கு?"

"கம்பெனிக்குள்ள."

"அப்ப அங்கயே வந்து மீன் விக்கட்டுமா?"

ஆவுடையப்பன் குருவின் பக்கம் திரும்பினார். குரு அவர் முன்னால் ஒரு இலையைப் போட்டார்.

"அம்மா, நாளைக்குக் காலைல என்னைத் தராசுல நிறுப்பாங்க."

குரு சோறு வைத்தார்.

"நூறு வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன்னு சொல்லியிருக்காரு."

குரு சாம்பார் ஊற்றினார்.

"பிள்ளைங்க ரெண்டும் படிக்குது. இந்த வேலையும் போச்சுன்னா…"

குரு ஒரு அப்பளத்தை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

ஆவுடையப்பன் இலையைப் பார்த்தார். சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளைப் பார்த்தார். சாம்பார் வாசனை வந்தது.

சாப்பிட்டார். மறுசோறு கேட்டு வாங்கினார். ரசத்துக்கும் கேட்டார்.

மறுநாள் காலையில் மேனேஜர் கிருபாகரன் தராசின் முள்ளைப் பார்த்தார். பிறகு ஆவுடையப்பனின் வயிற்றைப் பார்த்தார்.

"என்னய்யா, ஏறியிருக்கு?"

"சாப்பிட்டேன் சார்."

"இன்னிக்குப் பாத்தா சாப்பிடுவ?"

"பசிச்சுது சார்."

பந்தலுக்குக் கீழே கடைக்காரர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழாதபடி மேனேஜர் பல்லைக் கடித்தார்.

அப்போதுதான் குரு வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். காவலாளி வெள்ளிக்கிழமைதோறும் மடத்தில் சாப்பிடுகிறவர். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை.

குரு நேராகச் சைக்கிளிடம் வந்தார். பின் கேரியரில் ஏறி உட்கார்ந்தார். டயர் இரண்டும் பிதுங்கின.

"யாரு இந்தம்மா?"

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். குரு முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"வண்டி வாங்குறவங்க சார்."

கடைக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார்.

"டெஸ்ட்டுக்கு ஒரு ஆள்தான்யா. இறங்கச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்க சார்."

மேனேஜர் குருவைப் பார்த்தார். குருவும் அவரைப் பார்த்தார். குரு இறங்கவில்லை.

ஆவுடையப்பன் ஏறி உட்கார்ந்தார். முன்னால் வட்டப் பாதை, சுற்றிலும் மதில். ஒரு இலைகூட அசையவில்லை. நூற்றுக்கணக்கான தடவை சுற்றிய பாதை.

கைப்பிடியை வாசல் பக்கம் திருப்பினார்.

காவலாளி இரண்டு கதவையும் திறந்துவிட்டார்.

கடற்கரை வரைக்கும் காற்று முதுகில். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பின்னால் மேனேஜரின் கார், அதற்குப் பின்னால் கடைக்காரர்களின் கார்கள், சாமி ஊர்வலம் மாதிரி. மேனேஜர் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார். கைப்பிடித் திரையில் பேட்டரிக் கோடுகள் அவ்வளவாகக் குறையவில்லை. அவர் முகத்தில் சிரிப்புக்கூட வந்தது.

"இந்தம்மாவை வச்சுக்கிட்டே நூறு வந்துரும் போலிருக்கே. ரோட்டுலயே போய்யா, நேரா போ."

கடல் தெரிந்ததும் ஆவுடையப்பன் வண்டியை வந்த வழியே திருப்பினார்.

ஆடிக் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது.

"மீன் கூடையா இருந்தா சும்மா வரும்" என்றார் பின்னாலிருந்து குரு. "நான் பேசிட்டே வருவேன். உனக்குத் தொந்தரவு இல்லையே?"

"கொஞ்சம் குனிஞ்சுக்குங்கம்மா."

"நான் குனிஞ்சா காத்து நின்னுருமா?"

ஆவுடையப்பன் மிதித்தார். ஒரு கோடு போனது. இன்னொன்று போனது. பாதிக்குக் கீழே இறங்கியதும் கோடுகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போயின. கார்களின் ஊர்வலம் மாட்டுவண்டி வேகத்துக்கு வந்தது. யாரோ பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தார்கள்.

மடம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மோட்டார் முனகி அடங்கியது. ஆவுடையப்பன் காலை ஊன்றினார்.

அவர்கள் நின்ற இடத்துக்கு மேலே ஒரு காற்றாலை, அதே காற்றில் மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தது.

மேனேஜர் காரைவிட்டு இறங்கினார். காற்று அவர் சட்டையை ஊதிப் பெருக்கியது.

"எவ்வளவு?"

"முப்பத்தாறு சார்."

"இதைப் பெட்டியில போட்டா எவன்யா வாங்குவான்?"

பின் காரிலிருந்து ஒரு கடைக்காரர் தலையை நீட்டினார். "முப்பத்தாறுன்னு போட்டா, முப்பத்தாறு வருமா தம்பி?"

"வரும்ணே. ரெண்டு பேர் உக்காந்து, இந்தக் காத்துலயே வரும்."

கடைக்காரர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு பக்கத்து ஆளிடம் ஏதோ சொன்னார்.

மேனேஜர் அதைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இந்த முப்பத்தாறு யாருக்கும் தெரிய வேண்டாம். நாளைக்கு வேற ஆளை வச்சு உள்ளேயே ஓட்டிக்கிறேன். நீ இனிமே வராத."

குரு கேரியரிலிருந்து இறங்கினார். வண்டி நிமிர்ந்தது. அவர் யாரையும் பார்க்காமல் மடத்தை நோக்கி நடந்தார். பந்திக்கு நேரமாகியிருந்தது.

ஆவுடையப்பனுக்கு மறுபடியும் பசித்தது. இந்தப் பசியை அடக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, சாவியை எடுத்து மேனேஜர் கையில் கொடுத்தார்.

"நாளைக்கும் ஓட்ட வருவேன் சார்."

"என்னய்யா சொல்ற?"

"சாப்பிட்டுட்டு வருவேன்."