திரைக்குக் கீழே தெரிந்த கால்கள்

முன்னொரு காலத்தில் தாழைநாட்டை வீரகண்டன் என்ற அரசன் ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் அவனுக்கு ஒன்று தோன்றினால், மாலைக்குள் அது சட்டமாகிவிடும்.

அந்த நாட்டில் அரசனின் வெண்குடையைப் பன்னிரண்டு ஊர்த்தலைவர்கள்தான் முறைவைத்துப் பிடிப்பார்கள். வேறு யார் கையும் அதில் படக்கூடாது. அறுவடை விழாவன்று குடையில்லாமல் வீதிக்கு வந்தால், மக்கள் அவனை அரசனாகவே ஏற்கமாட்டார்கள். பழைய முறைகளை உயிராக மதித்த அந்தத் தலைவர்கள்தான் வீரகண்டனை அரியணையில் ஏற்றியவர்கள்.

ஒருநாள் தலைமை நீதிபதியின் இருக்கை காலியானது.

"நம் சிங்கணனுக்கே கொடுத்துவிடலாம்!" என்றான் அரசன்.

சிங்கணன் அரசனுக்கு ஓலை எழுதுபவன். அரசன் தும்மினால்கூட, "ஆகா, என்ன கம்பீரம்!" என்பான். ஒரு வழக்கைக்கூட விசாரித்ததில்லை.

தலைவர்களில் மூத்தவரான பெருஞ்சேந்தனார் எழுந்தார். "மன்னா, எத்தனையோ விஷயங்களில் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தோம். இந்த இருக்கைக்காவது தகுந்தவரை வைப்பீர்கள் என்றுதான் பொறுத்தோம்."

வெண்குடையை மடக்கி வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மற்றப் பதினொருவரும் பின்னாலேயே போனார்கள்.

விழாவுக்கு ஐந்தே நாள். அமைச்சர் இளம்பூதனார் அரசனிடம் விரைந்தார்.

"அரசே, கொஞ்சம் யோசித்து..."

"அமைச்சருக்கு என்மேல் பொறாமை, அரசே!" என்று குறுக்கே விழுந்தான் சிங்கணன்.

"சொன்ன சொல்லை நான் மாற்றமாட்டேன்" என்றான் அரசன்.

"மாற்ற வேண்டாம். முறைப்படி சபையில் ஒரே ஒரு வழக்கை விசாரிக்கட்டும். சரியாகத் தீர்ப்புச் சொன்னால், என் பதவிக்குரிய முத்திரை மோதிரத்தையும் அவரிடமே கழற்றிக் கொடுக்கிறேன்" என்றார் அமைச்சர்.

சிங்கணனின் முகம் மலர்ந்தது. அமைச்சர் அரசனின் காதில் ஏதோ சொன்னார். வேடிக்கை என்றால் அரசனுக்குக் கேட்கவா வேண்டும்? உடனே தலையாட்டினான்.

தாழைநாட்டில் வழக்காடுகிற இருவரும் திரைக்குப் பின்னால் நிற்பார்கள். இருவருக்காகவும் சபைக்காவலர் ஒருவரே பேசுவார். யார் எவர் என்று நீதிபதிக்குத் தெரியக்கூடாது.

மறுநாள் சபை கூடியது. அமைச்சர் அழைத்ததால் பன்னிரண்டு தலைவர்களும் வந்து ஓரமாக நின்றார்கள்.

"இடப்பக்கத்தவர் தோட்டத்து வெள்ளரியை வலப்பக்கத்தவர் மாடு தின்றுவிட்டது. வலப்பக்கத்தவர் அதை ஒப்புக்கொள்கிறார்" என்றார் காவலர்.

சிங்கணன் அரசனின் முகத்தைத் தேடினான். அரியணை காலி! அவனுக்கு வியர்த்தது. திரையோ தரைவரை எட்டவில்லை. குனிந்து பார்த்தான். இடப்பக்கம் சேறு அப்பிய வெறுங்கால்கள். வலப்பக்கம் இரத்தினம் பதித்த காலணிகள், அரசனுடையவை!

"மாட்டின்மேல் குற்றமே இல்லை!" என்று முழங்கினான். "மாடு போகிற வழியில் காய்த்தது வெள்ளரியின் குற்றம்! இடப்பக்கத்தவனின் தலையை மழித்துக் கழுதைமேல் ஏற்றுங்கள்!"

திரை விலகியது. சேற்றுக் கால்களோடு நின்றது வீரகண்டன். காலணிக்குள் நெளிந்துகொண்டிருந்தவர் ஓர் உழவர்.

"கழுதை எங்கே, சிங்கணா?" என்றான் அரசன்.

"ஐயோ, அரசே! தங்கள் கால் என்று தெரிந்திருந்தால்..."

"அதுதான் என் கவலை. காலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறாய். நாளைக்கு என்னுடையதைவிட நல்ல காலணியோடு ஒருவன் வந்தால், இந்த நாட்டையே அவனுக்குத் தீர்த்துக் கொடுப்பாய். போ, ஓலையை மட்டும் எழுது."

"மன்னா, இதைக் கழற்றிவிடலாமா? விரலெல்லாம் கடிக்குது" என்றார் உழவர். சபையே சிரித்தது.

அரசன் தலைவர்களிடம் வந்தான். "ஐயா, நான் செய்தது தவறு. தகுந்தவரை நீங்களே சொல்லுங்கள். அமைச்சரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"தலைவர்கள் சொல்கிறவரும் இதே திரைமுன் உட்காரவேண்டும், அரசே. அதுவே போதும்."

பெருஞ்சேந்தனார் புருவத்தைச் சுருக்கினார். பிறகு சிரித்துவிட்டார். "எங்களையும் விடவில்லையே நீர்! சரி, அது நியாயம்தான்" என்று வாசலில் வைத்திருந்த குடையை எடுத்து விரித்தார்.

தலைவர்கள் மூன்று பேரை அழைத்து வந்தார்கள். முதல் இருவரின் பார்வையும் வழக்கைக் கேட்கும்போதே கீழே போய்வந்தது. மூன்றாமவர் மேழியூர் நல்லாதனார். காவலர் வாயைத் திறக்கும் முன்பே கையை உயர்த்தினார்.

"முதலில் அந்தத் திரையைத் தரைவரை இறக்குங்கள்" என்றார்.

அன்றே இருக்கை அவருடையதாயிற்று. அவர் இருந்தவரை, வெறுங்காலோடு வந்தவர்களும் அந்தச் சபைக்குள் தைரியமாக நுழைந்தார்கள்.