மூன்று வினாடிச் சரி

அணையின் நீர்மட்டத்தைக் கவனிக்கப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். தண்ணீர் ஏறுவதாகத் தெரிந்தால் அது கூவும். காவலில் இருப்பவர் எழுந்துபோய் ஜன்னல் வழியே அளவுகோலைப் பார்க்க வேண்டும். பயமில்லை என்றால் திரையில் இருக்கும் ‘சரி’ பட்டனை அழுத்தலாம், கூவல் அடங்கிவிடும். இரண்டு நிமிடம் யாரும் அழுத்தாவிட்டால் ஆற்றோர ஊர்களில் சங்கு தானே ஊதும்.

அதைச் சோதித்தவர் மரியதாஸ். ஆற்றோர ஊர் ஒன்றில்தான் அவருடைய அக்கா வீடு இருந்தது. அதனால் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தார். வயதில் சிறியவள்தான் என்றாலும் இந்தத் தொழிலில் அவருக்குக் குரு செண்பகவல்லி. அவள் கையெழுத்துப் போட்டால் நாளை முதல் அணை கம்ப்யூட்டரின் பொறுப்பில்.

“ஆயிரம் தடவை சோதிச்சாச்சு மேடம். ஒரு தடவைகூடத் தப்பல. காவல்காரரும் சராசரியா மூணு செகண்ட்ல சரி அழுத்திடறார். இன்னும் என்ன பாக்கணும்?”

“மூணு செகண்டா?”

“ஆமா மேடம். இரண்டு நிமிஷம் டைம் இருக்கு.” அவர் குரலில் பெருமை இருந்தது. இருக்காதா பின்னே?

செண்பகவல்லி அவரைக் கூட்டிக்கொண்டு காவல் அறைக்குப் போனாள். காவல்காரர் விருமாண்டி பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் கூவியது. அவருடைய இடது கை நீண்டு பட்டனைத் தட்டியது. வலது கை எழுதுவதை நிறுத்தவில்லை.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூவுதுண்ணே?”

“அம்பது அறுபது இருக்கும்மா. காத்தடிச்சு அலை எழும்பினாக்கூடக் கத்தும். சரின்னு சொன்னாத்தான் வாயை மூடுது.”

மரியதாஸ் கைக்கடிகாரத்தைக் காட்டினார். “பாத்தீங்களா மேடம், மூணே செகண்ட்.”

அவள் ஜன்னலுக்குப் போய் அளவுகோலைப் பார்த்தாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் மரியதாஸ் அறிக்கையை டைப் அடிக்க உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் முடித்தாக வேண்டும். எதிரே உட்கார்ந்த செண்பகவல்லி பேச்சுக் கொடுத்தாள்.

“மேல மழை பிடிச்சிருக்காம், தாஸ்.”

“சரி மேடம்.”

“நாலாம் பக்கத்துல தேதி தப்பா இருக்கு.”

“சரி மேடம்.”

“டீ ஆறிப்போகுது.”

“சரி மேடம்.”

“உங்க அக்கா வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சாம்.”

“சரி மேடம்.”

இன்னும் அரை வரி டைப் ஆனது. பிறகு அவர் விரல்கள் நின்றன. முகம் வெளுத்து நிமிர்ந்தார்.

“வரல, பயப்படாதீங்க,” என்றாள் செண்பகவல்லி. “ஆனா நீங்க மூணு செகண்டுக்குள்ள சரி சொல்லிட்டீங்க.”